மூன்றில் ஒரு பங்கு

அமெரிக்காவின் புளோரிடாவில் நீரடிக் குகைகள் பலரைப் பலிவாங்கிய காலத்தில், குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி 1979-இல் ஒரு கையேடு எழுதினார். அதில் வலியுறுத்திய விதி இது: சிலிண்டர் வாயுவில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். அடுத்த பங்கு திரும்பும் வழிக்கு. கடைசிப் பங்கு ஆபத்துக்கு. துணைவரின் சிலிண்டர் கைவிட்டால் அவரும் அதில்தான் மூச்சுவிட வேண்டும்.

ஆழத்தில் இதுவும் போதாது. 90 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் 10 மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் 10 மடங்கு வாயு செலவாகும். பயத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் கூடும். மேலேறும்போது உடலில் கரைந்த வாயு வெளியேற, நின்று நின்றுதான் வர வேண்டும். அதற்கான சிலிண்டர்களை வழியிலேயே விட்டுச் செல்கிறார்கள்.

குகைப் பயிற்சி இல்லாதவர்கள், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், வாசலைத் தாண்டக் கூடாது.