தீயிடம் கேட்ட கேள்வி

ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். கோபுர தரிசனத்துக்கு முன்பே பால்கோவா வாசனை இழுத்துக்கொண்டு போய் ஓர் அடுப்பின் முன்னால் நிறுத்திவிட்டது. பெரியவர் ஒருவர் பாலைப் பார்க்காமல், விறகுத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீயில் அப்படி என்ன இருக்கிறது, அண்ணாச்சி?"

"நிறம்தான் தம்பி! புகைஞ்சா பாலில் ஏறிடுமே!"

சகோதரிகளே, நீங்களும் தினம் இதைத்தானே பார்க்கிறீர்கள்? காஸ் அடுப்பு நீலமாக எரிந்தால் நிம்மதி. மஞ்சளானால் பர்னரைக் கழற்றித் துடைக்கிறீர்கள். எரியாத கரித்தூள் கனன்று ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். ஆனால் கண்ணில் படாத ஒன்றும் அதோடு பிறக்கலாம். கார்பன் மோனாக்சைடு! நிறம் கிடையாது; மணமும் கிடையாது. ஜன்னலை அடைத்து, கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திராமலே போனதுண்டு. அது இந்த வாயுவின் வேலை.

இதைத் தீக்குள்ளேயே கண்டுபிடிப்பது எப்படி? குழாயை நுழைத்து உறிஞ்சலாம். குழாய் பட்டதுமே தீ குளிர்ந்து, உள்ளே இருப்பது மாறிப்போகுமே! ஒளியை நுழைத்தால்?

அந்த வழியைத் திறந்த இருவரில் ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர்தான். அருகிலுள்ள வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கல்கத்தா போனவர், ஸர் சி. வி. ராமனுடன் சேர்ந்தார். 1928-ல் சூரிய ஒளியைக் குவித்துச் சுமார் 60 திரவங்களில் பாய்ச்சினார்கள். சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வந்தது! 1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணன் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

திரவத்திலேயே அத்தனை மங்கல் என்றால் வாயுவில் கேட்பானேன்? 1960-ல் லேசர் பிறந்த பிறகுதான் தீயில் இது கைகூடியது. கிருஷ்ணன் 1961-ல் காலமானார்.

இப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசரைத் தீயில் விடுகிறார்கள். நைட்ரஜன் அதை 607-ஆக மாற்றித் திருப்புகிறது. கார்பன் டையாக்சைடு 574-ஆக. நம் கொலைகாரக் கார்பன் மோனாக்சைடு 600-ஆக! எந்த நிறம் எவ்வளவு பிரகாசம் என்று அளந்தால் எந்த வாயு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். புகைகிற மஞ்சள் தீயில் மட்டும் கரியின் வெளிச்சம் இந்த மெல்லிய ஒளியை விழுங்கிவிடும். அதற்காக இரண்டு மூன்று லேசர்களை ஒன்றாகப் பாய்ச்சி, வலுவான பதிலை வரவழைக்கிறார்கள்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஒரு விறகை வெளியே இழுத்தார். புகை அடங்கிற்று.

"வத்திராயிருப்பா? நம்ம ஊர்ப் பக்கம்தான்!" என்று இன்னும் ஒரு கரண்டி கோவாவை இலையில் வைத்தார்.