அண்ணரின் கணிகருவி

பழுதுபட்ட பொருளை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது இக்கால வழக்கு. ஒரு சோடிச் செருப்பின் விலைக்குள் புதிய கணிகருவி ஒன்று கிடைக்கின்ற நாளில், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒன்றைத் திருத்துவதற்கு நான்கு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டேன் என்றால் வாசகர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், அதன் காரணத்தை மட்டும் கேட்டுவிட்டு நகைக்கட்டும்.

என் மூத்த அண்ணர் ஒட்டுசுட்டானில், முத்தையன்கட்டுக் குளத்து நீரை நம்பி வயல் செய்தவர். கணக்கில் மிகுந்த பற்றுடையவர். 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து பிறநாட்டுப் பொருள்கள் கடைகளை நிறைத்தபோது, கொழும்புக்குச் சென்று வந்த அவர் சட்டைப்பையிலிருந்து யப்பானியக் கணிகருவி ஒன்றை எடுத்து வைத்தார். மடக்கை அட்டவணையோடு மல்லாடிக்கொண்டிருந்த மாணவனாகிய எனக்கு, அதன் பச்சை எண்கள் இருளில் ஒளிர்ந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கின்றது.

அக்கருவியின் வரலாறும் அப்போது இளமையானதே. 1967 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பியும் அவர்தம் துணைவரும் கையிலே பிடிக்கத்தக்க முதல் மாதிரியை ஆக்கினர். 1971 இல் யப்பானின் பிசிகொம் நிறுவனம் சட்டைப்பைக்குள் அடங்குவதொன்றை விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டு வெளிவந்த ஹியூலெட் பக்காட் 35 என்னும் கருவி, மடக்கை முதலியவற்றையும் ஒரு நொடியிற் கூறியது. ஆனால் அதன் விலை 395 டொலர். அத்தகைய அதிசயத்தின் மலிந்த பதிப்பு, சில ஆண்டுகளுள் எங்கள் வன்னி வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

நிற்க. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, பற்றரிகளையும் எங்களுக்கு எட்டாப் பொருளாக்கியது. போத்தல் விளக்கின் ஒளியில் அண்ணர் கையாற் கணக்கிட்டார். கருவி அலுமாரியில் உறங்கிற்று. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்ததும், அவர் வவுனியாவிலிருந்து முதலில் வாங்கிவந்தது இரண்டு பென்ரோச் பற்றரிகளைத்தான்.

2008 ஆம் ஆண்டின் கடைசியில் ஊர் பெயர்ந்தது. உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வயற்கணக்குக் கொப்பியையும் கணிகருவியையும் பொலித்தீனிற் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்து, மாமரத்தடியில் அண்ணரே புதைத்தார். 2010 இல் நாங்கள் திரும்பிவந்து பெட்டியைத் தோண்டினோம். அண்ணர் திரும்பவில்லை.

அதன்பின் அண்ணியார் அப்பெட்டியை யாரும் தொட விடவில்லை. சென்ற ஆண்டு, பல்கலைக்கழக விடுமுறையில் வந்த என் பெறாமகள் அக்கருவியை என்னிடம் கொண்டுவந்தாள். தந்தையைப் பிரிந்தபோது அவளுக்கு ஏழு வயது.

"சித்தப்பா, அப்பா கடைசியாகப் போட்ட கணக்கு இதற்குள் இருக்குமோ?" என்று கேட்டாள்.

இல்லை என்று நான் அறிவேன். இத்தகைய கருவியின் நினைவு மின்னோட்டம் உள்ளவரைதான். ஆளியை நிறுத்திய கணமே அனைத்தும் அழிந்துவிடும். இதனைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானாலும் திருத்துங்கோ" என்றாள்.

பற்றரிகள் கசிந்திருந்தன. காரவகைப் பற்றரியிலிருந்து வெளிப்படும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெண்பொடியாகும். காரத்துக்கு மாற்று அமிலம் என்பது நாம் வகுப்பிற் சொல்லும் பாடமன்றோ? தேசிக்காய்ச் சாற்றிற் பஞ்சைத் தோய்த்து முனைகளைத் துடைத்தேன், பொங்கி நுரைத்தது. பின்னர் மதுசாரத்தால் ஈரத்தைப் போக்கி ஒருநாள் உலரவிட்டேன். புதுப் பற்றரி இட்டதும் பச்சை ஒளி தோன்றியது!

மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. எட்டு என்னும் விசையை எட்டு முறை அழுத்தினேன். எட்டுப் பூச்சியங்கள் நின்றன. உயிரற்ற கருவியினும் பொய் கூறும் கருவி தீது.

இக்கருவியில் ஒவ்வோர் இலக்கமும் ஏழு சிறு கோடுகளால் ஆவது. நடுக்கோடு இல்லையேல் எட்டுப் பூச்சியமாகும். எங்கே குற்றம்? விடையைத் திரையே கூறிற்று. ஓரிடத்தில் மட்டும் நடுக்கோடு மறைந்திருந்தால், ஒளிரும் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே பழுது, அதற்கு மருந்தில்லை. ஆனால் இங்கே எட்டு இடங்களிலும் அது மறைந்திருந்தது. எல்லா நடுக்கோடுகளுக்கும் கம்பி ஒன்றே. இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதிவிரைவில் ஏற்றப்படுவதால், நம் கண் அவற்றை ஒருசேரக் காண்கின்றது. ஆகவே பொதுவான அந்த ஒரு வழிதான் அறுந்திருக்க வேண்டும்.

பூதக்கண்ணாடியால் நோக்கினேன். கசிவு ஊர்ந்து சென்ற பாதையில், மயிரிழை போன்ற செப்புத்தடம் பச்சையாகி அரிக்கப்பட்டிருந்தது. பல்மானியும் மின்னோட்டம் அங்கே செல்லவில்லை என்று உறுதிசெய்தது. பழைய தொலைபேசிக் கம்பியிலிருந்து ஓர் இழையை உருவி, இரு கரைகளையும் பற்றாசு வைத்து இணைத்தேன். கை நடுங்காதிருக்க முழங்கையை மேசையில் ஊன்றவேண்டியிருந்தது. மீண்டும் அழுத்தியபோது எட்டுகள் எட்டுகளாகவே நின்றன.

பெறாமகளை அழைத்தேன். அவள் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, தகரப்பெட்டியிலிருந்த கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அது 2008 ஆம் ஆண்டுச் சிறுபோகச் செலவு: உழவு கூலி, பசளை, வெட்டுக்கூலி, மூடை ஏற்றிய உழவு இயந்திர வாடகை. தொகைகளை வரிசையாக எழுதி, அடியிற் கோடும் இழுத்திருந்தார் அண்ணர். கோட்டின் கீழே வெறுமை. கூட்டுவதற்குள் ஊர் பெயர்ந்துவிட்டது.

அவள் ஒவ்வொரு தொகையாக அழுத்தினாள். வழக்கம்போல நான் கையாலும் கூட்டினேன். ஒரு முறை பொய் கூறிய கருவியை உடனே நம்பலாகாது அல்லவா? இரு விடைகளும் ஒத்தன. பென்சிலால் அதனைக் கோட்டின் கீழ் எழுதினாள். தந்தையின் கையெழுத்துக்கு அடியில் மகளின் எண்கள்.

அக்கருவி எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை என்று முன்னர் கூறினேன். நினைவு வைத்திருந்தது ஒரு பழைய கொப்பி. அதனைத் தொடர்ந்து எழுதும் ஆவலை அவளிடம் எழுப்பியது கருவி. பழுது பார்த்தலால் விளையும் பயன் பெரும்பாலும் இவ்வளவே. இது சிறிதென்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு பற்றரிகளைக் கழற்றி வேறாக வைத்தோம். இனி அவை உள்ளே இருந்து கசியக்கூடாது.