ஈரூர் அலுவலகத்துக்கு ஒரே தொலைபேசி அமைப்பு

சித்தூரில் மாங்கூழ் ஆலையும் திருப்பதியில் விற்பனை அலுவலகமும் உடையோர், இரண்டையும் இணையவழித் தொலைபேசி இணைப்பகத்தால் இணைக்கலாம். அதன்பின் 08572, 0877 என்னும் குறியீடுகள் வேண்டா. மூன்றிலக்க உள் எண்ணே போதும்.

கடன் விண்ணப்பங்களில் கருவியின் விலை இருக்கும். மாம்பழப் பருவத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவர் என்ற கணக்கு இருப்பதில்லை. சுருக்கப்படாத குரலழைப்பு ஒன்றுக்கு, இரு திசையிலும் தனித்தனியே, நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் தேவை. 10 அழைப்புகளுக்கு ஒரு மெகாபிட் ஒதுக்குக. மின்தடையை எண்ணி மோடத்துக்கும் யுபிஎஸ் வைக்கவேண்டும்.

பேரிடர் வேறு. உள் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்தால், அயலார் நுழைந்து இரவோடிரவாக வெளிநாடுகளுக்கு அழைப்பர். கட்டணம் தங்கள் பெயரில் வரும். நிறுவியவர் வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுக. வெளிநாட்டு அழைப்பை ஏற்றுமதிப் பிரிவுக்கு மட்டும் திறந்து வைக்க.