வெட்டுப் பாயைக் குறுக்குதலும் கொண்டு செல்லுதலும்

வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி ஆகியவை பெரும்பாலும் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டுச் செய்யப்படுவன. கண்ணளவும் கைப்பழக்கமுமே அவற்றிற்குப் போதும். அமெரிக்காவில் வளர்ந்த ஒட்டுத்துணிக் ‘கில்ட்’ கலையோ கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு துண்டு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக வெட்டப்பட்டால் எவரும் கவனியார். அவ்வாறே பதினாறு துண்டுகள் ஒரு வரிசையில் சேருமாயின், போர்வை ஓர் அங்குலம் கோணிவிடும்.

இந்தக் கணக்கை எளிதாக்கியது, ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா 1979-இல் வெளியிட்ட உருள்கத்தி. கடைகளில் ‘ரோட்டரி கட்டர்’ என்பர். கைப்பிடியில் சுழலும் வட்டத் தகடு, பல மடிப்புத் துணியை ஒரே ஓட்டத்தில் அறுத்துவிடும். ஆயினும் வெறும் மேசைமீது ஓட்டினால் மேசையும் பாழ், தகடும் பாழ். ஆகவே அதனடியில் கட்டம் அச்சிட்ட வெட்டுப் பாய் வேண்டியதாயிற்று. இது பி.வி.சி. அடுக்குகளால் ஆனது. தகடு பொருளைச் சுரண்டி எடுப்பதில்லை, விலக்கிக்கொண்டு செல்கிறது. தகடு அகன்றதும் பிளவு மீண்டும் நெருங்கி மூடிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதனைப் புண் ஆறுவதாகவே சொல்கிறார்கள். மொழிபெயர்க்கும் தொழிலில் இருக்கும் நமக்கு அச்சொல் சற்று மிகையாகவே படுகிறது. ஒரே கோட்டில் ஓயாது வெட்டினால் எந்தப் பாயும் ஆறுவதில்லை.

பெரிய பாய் 24 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் உடையது. இரண்டறைக் குடியிருப்பில் வாழ்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு பெறும் நம்மைப் போன்ற குடும்பங்களில் அதை விரிக்க மேசையும் இராது, எடுத்துச் செல்லப் பெட்டியும் இராது. குறுக்கலாமா எனில், தாராளமாகக் குறுக்கலாம். ஆனால் எந்தப் பக்கத்தைக் குறுக்குவது என்பதிலேதான் சூட்சுமம் உள்ளது.

கில்ட்டுக்கு வாங்கும் பருத்தித் துணியின் பன்னா பெரும்பாலும் 44 அங்குலம். ஒருமுறை மடித்தால் 22 அங்குலம். கத்தி துணிக்கு ஓர் அங்குலம் முன்னே தொடங்கி ஓர் அங்குலம் அப்பால் சென்று நிற்கவேண்டும். ஆக, 24 அங்குலம் சரியாகத் தேவைப்படுகிறது. எனவே அகலத்தைத் தொடாமல், நீளத்தை 18-ஆவது அங்குலக் கோட்டில் வெட்டுவதே தக்கது. 18-க்கு 24 என இரண்டு பாய்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றை மீண்டும் பாதியாக்கி 12-க்கு 18 எனவும் கொள்ளலாம். அதன்மீது வெட்டுவதற்குத் துணியை இருமுறை மடித்து 11 அங்குலமாக்க வேண்டும். மடிப்பு இழைக்கு நேராக இல்லையெனில், பட்டையை விரித்ததும் மடிப்புத் தோறும் முழங்கைபோல் வளைந்து நிற்கும். சிறிய பாய் இவ்வாறு நம் கவனத்தை விலையாகக் கேட்கிறது. இரு துண்டுகளையும் பிறகு ஒட்டுநாடாவால் இணைத்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். இணைப்பைக் கடக்கும் இடத்தில் கத்தி இடறி, சில இழைகள் அறுபடாமலே நிற்கும். நாம் அதனைப் பரிந்துரைப்பதற்கில்லை.

பாயை அறுக்க உருள்கத்தி உதவாது; தகடு மழுங்கும். புதுத்தகடு பொருத்திய தடித்த கத்தியும், இரும்பு அளவுகோலும் வேண்டும். அடியில் பழைய பலகை ஒன்றை இட்டு, அளவுகோலைக் கவ்வியால் இறுக்கிக்கொண்டு, கட்டக் கோட்டின் மீதே முதலில் மெல்லக் கீறவேண்டும். பிறகு அதே தடத்தில் ஐந்தாறு முறை செல்லலாம். ஒரே அழுத்தில் அறுக்க முற்பட்டால், மூடிக்கொள்ளும் இயல்புடைய பாய் தகட்டைக் கவ்வும். கவ்விய தகடு திடீரென விடுபட்டுக் கையை நோக்கிப் பாயும். உருள்கத்தியை நாம் அப்பால் தள்ளுகிறோம். இந்தக் கத்தியையோ நம்மை நோக்கி இழுக்கிறோம். ஆதலால் இடக்கையும் முழங்காலும் அதன் பாதையில் இருத்தலாகாது. தடம் ஆழமானதும் மேசை விளிம்பில் பாயைச் சற்று வளைத்தால் வாய் திறக்கும், எஞ்சியதை அறுத்துவிடலாம். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டாவது துண்டில் 19 என்று தொடங்கும் எண்களை 1 முதல் மாற்றி எழுதிக்கொள்க.

பயணத்தில் பாய்க்குப் பகை வெப்பமே. பூட்டிய காரிலோ, வெயில் படும் ரயில் ஜன்னலோரத்திலோ வைத்தால் கோணிப்போகும். வெந்நீரில் நனைத்துப் பாரம் ஏற்றினால் ஓரளவு சமமாகலாம்; முழுதும் திருந்துதல் அரிது. சுருட்டவும் கூடாது. இரண்டு கெட்டி அட்டைகளுக்கிடையே வைத்து, பெட்டியின் தட்டையான அடிப்பகுதியில் கிடத்தி, மேலே துணிகளை அடுக்குவதே நலம். ரயிலில் பர்த்துக்கு அடியில் படுக்கையாகத் தள்ளிவிடலாம். விமானத்தில் நம்முடன் எடுத்துச் செல்லும் பைக்குப் பல கம்பெனிகள் விதிக்கும் அளவு ஏறத்தாழ 55-க்கு 35 சென்டிமீட்டர்; 12-க்கு 18 அங்குலப் பாய் அதில் அடங்கும், 24 அங்குலம் அடங்காது. உருள்கத்தியையும் மாற்றுத் தகடுகளையும் கைப்பையில் வைக்காமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டு, சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் சேர்த்துவிட வேண்டும்.