டிலே (ஒலி விளைவு)

டிலே என்பது, உள்ளே வரும் ஒலியைச் சிறிது நேரம் பிடித்து வைத்து, பிறகு மூல ஒலியோடு சேர்த்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் ஒலி விளைவு ஆகும். ஒரத்தநாடு போன்ற தஞ்சைப் பகுதி ஊர்களில், திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவர்களிடம் இதற்கு 'எக்கோ' என்றே பெயர். ரிவெர்ப் இதிலிருந்து வேறானது. அதில் எண்ணற்ற எதிரொலிகள் கலந்துவிடுவதால் எதுவும் தனித்துக் கேட்காது.

முன்பு காந்த நாடாவில் பதிந்து, சற்றுத் தள்ளியிருக்கும் மற்றொரு தலையால் படித்து இவ்விளைவைப் பெற்றனர். 1974இல் வெளிவந்த ரோலண்ட் ஆர்இ-201 அவ்வகையில் புகழ்பெற்றது. இன்று கணினி மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. விலை குறைந்த எக்கோ போர்டுகள் பலவற்றில் பிடி2399 என்னும் சிப் இருக்கும். கருவி எதுவானாலும் முக்கியமான குமிழ்கள் மூன்றுதான்: டைம், ரிப்பீட், மிக்ஸ்.

டைம்

எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்றால், 60,000ஐ 100ஆல் வகுக்க ஒரு தட்டுக்கு 600 மில்லிநொடி கிடைக்கும். டைமை 300 அல்லது 150இல் வைத்தால் எதிரொலி தாளத்துக்குள் அடங்கும். கும்மிப் பாட்டுப் போலத் திசிர நடையில் செல்வதற்கு 600ஐ மூன்றாகப் பிரித்து 200 அல்லது 400 வைக்க வேண்டும். அங்கே 300 வைத்தால் எதிரொலி தவிலோடு மல்லுக்கு நிற்கும்.

இந்தக் கணக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சரி. நையாண்டி மேளம் சூடு பிடிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும். எனவே மேடைப் பாடகரின் குரலுக்கு 80 முதல் 150 மில்லிநொடி வரையிலான குறுகிய டைமே பாதுகாப்பு. பிடி2399 போர்டில் டைமைக் கூட்டக் கூட இரைச்சலும் கூடும். ஏறத்தாழ 340 மில்லிநொடியில் ஒலி கரகரத்துவிடும்.

ரிப்பீட்

திரும்பி வந்த ஒலியில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே அனுப்பும் குமிழ் இது. சில கருவிகளில் ஃபீட்பேக் என்று எழுதியிருக்கும். 50 விழுக்காட்டில் ஒவ்வோர் எதிரொலியும் முந்தையதில் பாதி. 30இல் நான்காவது எதிரொலி முதலாவதில் 3 விழுக்காடுகூட இராது. 100ஐத் தாண்டினால் ஒலி அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும். மேடையில் ஸ்பீக்கர் ஒலி மைக்கிலும் புகுவதால், ரிப்பீட்டை ஏற்றினால் மைக் கூவும் வாய்ப்பும் அதிகம்.

மிக்ஸ்

மூல ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் இது. பாடகர் தன் குரலில் மயங்கி இதை ஏற்றச் சொல்வது வழக்கம். பாட்டின் பல்லவி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொற்கள் குழம்பினாலும் தப்பித்துவிடும். அதே மைக்கில், காணாமல் போன குழந்தையின் பெயரையும் சட்டை நிறத்தையும் அறிவிக்கும்போது அப்படித் தப்பிக்க முடியாது. பாட்டு முடிந்ததும் மிக்ஸை முழுவதும் இறக்கிவிடுவதே முறை. அறிவிப்புக்கென எக்கோ இல்லாத தனி மைக் வைத்தால் இன்னும் நல்லது.

தெருவில் கட்டிய ஸ்பீக்கர்கள்

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. கம்பியில் செல்லும் மின்குறிப்புக்கோ நேரமே ஆவதில்லை எனலாம். மேடைக்கு 100 மீட்டர் தள்ளிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், அதன் அடியில் நிற்பவருக்கு முதலில் குழாயின் ஒலியும், ஏறத்தாழ 290 மில்லிநொடி கழித்து மேடையின் ஒலியும் கேட்கும். மிக்சரில் எக்கோவை முற்றிலும் அணைத்தாலும் இந்த எதிரொலி போகாது. மற்றொரு டிலேதான் இதற்கு மருந்து. குழாய்க்குச் செல்லும் வரியில் மட்டும் டிஜிட்டல் டிலே வைத்து, டைமை 300 அளவிலும், ரிப்பீட்டைச் சுழியத்திலும், மிக்ஸை முழுவதும் தாமத ஒலியிலும் வைக்க வேண்டும். 290க்குப் பதில் 300 வைப்பதற்குக் காரணம் உண்டு. முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்பும் என்பதால், அருகில் குழாய் இருந்தும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.