மங்கிய படமும் ஒரு பாடமே

முகத்தைப் படம் பிடிக்கையில் பிழை நேர்ந்தால், அப்படத்தை உடனே ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். உற்று நோக்கினாலோ, அப்பிழையே நமக்கு ஆசானாகும்.

கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாருக்கு, 1863 டிசம்பரில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். இங்கிலாந்தின் வைட் தீவில் ஓர் உழவரை அவர் முதன்முதலாகப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டின் பூச்சில் கை உரசியதால் அப்படம் அழிந்து போயிற்று. அவர் மனந்தளரவில்லை. 1864 ஜனவரியில் எடுத்த ஆனி என்னும் சிறுமியின் படத்தைத் தம் முதல் வெற்றி என்று குறித்தார். வில்லையை மேலும் திருகிக் கூர்மையாக்காமல், கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்துவது அவர் பழக்கமாயிற்று. தெளிவில்லை என்று அன்று பலர் குறை கூறிய அப்படங்கள் இன்று போற்றப்படுகின்றன. 1879இல் அவர் இலங்கையில் காலமானார்.

தெரிந்து தேர்ந்த மங்கல் வேறு. தவறி நேர்ந்த மங்கல் வேறு. காது தெளிந்து கண் மங்கியிருந்தால், குவியம் இடம் மாறியது என்று பொருள். அருகிலுள்ள கண்ணில் குவியத்தை நிறுத்துங்கள். வில்லைத் துவாரத்தையும் சற்றே குறுக்குங்கள். பின்னணி தெளிந்து முகம் மட்டும் கலைந்திருந்தால், அமர்ந்தவர் அசைந்திருக்கிறார். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால், கை நடுங்கியிருக்கிறது. இவ்விரண்டிற்கும் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதே மருந்து.

குழந்தையின் இன்றைய முகம் நாளை மாறிவிடும். பாட்டியின் முகமோ என்றும் நம்மோடிராது. ஆதலால், பாடத்தை இன்றே கற்றுக்கொள்வோம்.