பாழ்நிலத்தில் எடுக்கும் முடிவுகள்: 'வேஸ்ட்லேண்ட் 2' கணினி விளையாட்டும் ஆடியோர் மதிப்பீடும்

ஒரு படைப்பை நுகர்ந்தோர் அதனைப் பற்றிக் கூறும் கருத்துகளைத் திறனாய்வாகக் கொள்ளலாமா என்னும் வினா இலக்கிய ஆய்வில் புதியதன்று. ஆயினும் கணினி விளையாட்டுகளைப் பொறுத்தவரை அவ்வினாவை எழுப்புவதற்கே நம்மிடையே தயக்கம் காணப்படுகின்றது. மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் தாம் ஆடிய விளையாட்டைச் சான்றாகக் காட்டின் அதனைச் சிவப்பு மையால் அடித்துவிடும் ஆசிரியர் பலர் உளர். அவ்வாறு அடிக்கப்படும் வரிகளில் மெய்யான மதிப்பீடு இருக்கக்கூடும் என்பதை ஒரு விளையாட்டை முன்னிறுத்தி விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது. அதற்கென நாம் தெரிந்துகொண்டது, 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'வேஸ்ட்லேண்ட் 2' ஆகும்.

இவ்விளையாட்டு அணுப்போருக்குப் பின் சிதைந்து கிடக்கும் அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்டது. முதற்பாதி அரிசோனாவிலும் பிற்பாதி லாஸ் ஏஞ்சலிசிலும் நிகழ்கின்றது. ஆடுபவர் நான்கு 'ரேஞ்சர்' காவலர்களை உருவாக்கி, வழியிற் சேரும் துணைவர் மூவரையும் கூட்டிக்கொண்டு, குடியிருப்புகளுக்கிடையே நடந்து செல்கிறார். நீர் தீர்ந்துவிட்டால் இறக்க நேரிடும். கதிர்வீச்சு மண்டிய இடங்களைச் சுற்றிச் செல்லவேண்டும். சண்டை மூளும்போது ஒவ்வொருவரும் தத்தம் முறை வரும்வரை காத்திருந்து, அம்முறைக்குரிய செயற்புள்ளிகளைச் செலவிட்டு நகர்வர், சுடுவர், மறைவர். சதுரங்கத்தைப் போல முறை மாறி ஆடும் ஆட்டம் இது. விரல் வேகத்திற்கு இதில் வேலையில்லை.

தலைப்பிலுள்ள சொல்லைத் தமிழாக்கும்போது 'பாலை' என்று எழுதிவிடத் தோன்றும். அது பொருந்தாது என்பது நம் கருத்து. தமிழ் மரபில் பாலை என்பது கோடையால் திரிந்த நிலம். மழை பெய்தால் மீளக்கூடியது. இவ்விளையாட்டின் நிலமோ மனிதர் தாமே அழித்தது. ஆதலின் 'பாழ்நிலம்' என்றே வழங்குதல் தகும்.

ஆடியோர் கருத்துகளைப் புரிந்துகொள்ள இவ்விளையாட்டின் பிறப்பு வரலாற்றைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். முதல் 'வேஸ்ட்லேண்ட்' 1988ஆம் ஆண்டு இன்டர்பிளே நிறுவனத்தால் ஆக்கப்பட்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வழி வெளியானது. அக்காலக் கணினியின் நினைவகம் சிறியது. நீண்ட உரைநடையை அதனுள் அடக்க இயலவில்லை. ஆகவே பத்திகள் அடங்கிய அச்சுநூல் ஒன்றும் உடன் வழங்கப்பட்டது. இன்ன எண்ணுள்ள பத்தியைப் படிக்க என்று திரை ஆணையிடும். ஆடுபவர் நூலைப் புரட்டிப் படிப்பார். முன்கூட்டியே படித்துவிடுவோரை ஏமாற்றுவதற்கென்றே செவ்வாய்க் கோள் பற்றிய பொய்க்கதை ஒன்றும் அந்நூலில் செருகப்பட்டிருந்தது. வாசிப்புப் பயிற்சியைப் பற்றிக் கவலைப்படும் நமக்கு இச்செய்தி சுவையானதாக இருக்கும்.

அவ்விளையாட்டின் உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வசமே இருந்தமையால், இன்டர்பிளே அதே உணர்வில் 1997ஆம் ஆண்டு 'ஃபால்அவுட்' என்னும் புதிய விளையாட்டை வெளியிட்டது. அதுவும் முறை மாறி ஆடும் வகையினதே. பின்னர் அத்தொடரின் உரிமை பெதஸ்டா நிறுவனத்திடம் சென்றது. 2008ஆம் ஆண்டு வந்த 'ஃபால்அவுட் 3' பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காட்டி, முறை காத்திருக்கும் சண்டையைக் கைவிட்டது. அது பெருவெற்றி பெற்றது. பழைய விளையாட்டை நேசித்த ஒரு சாராரோ, தமக்குரியதொன்று பறிக்கப்பட்டதாகவே உணர்ந்தனர். பதிப்பாளர்கள் இப்பழைய வடிவத்திற்குப் பணம் போட முன்வராத நிலையில், முதல் 'வேஸ்ட்லேண்ட்' ஆக்கத்தில் பங்குபெற்ற பிரையன் ஃபார்கோ 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'கிக்ஸ்டார்ட்டர்' வழியாக ஆடுநரிடமே நேரடியாக நிதி கேட்டார். கேட்ட தொகை 9 இலட்சம் டாலர். கிடைத்ததோ 29 இலட்சம் டாலருக்கும் மேல். கொடுத்தவர்கள் 61,000க்கும் அதிகமானோர்.

இங்கு ஆடுபவர் வெறும் நுகர்வோர் அல்லர் என்பது கருதத்தக்கது. படைப்பு உருப்பெறுமுன்னரே பொருள் ஈந்த புரவலர் அவர். புரவலரைப் பாடிப் பரிசில் பெற்ற மரபை அறிந்த நமக்கு இவ்வுறவின் நுட்பம் எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாடல் பெற்ற புரவலன் பாடலைப் பழித்தான் எனக் கேட்பது அரிது. இப்புரவலர்களோ 2013ஆம் ஆண்டு டிசம்பரில் முற்றுப்பெறாத வடிவம் முன்னோட்டமாகக் கைக்கு வந்ததும் குறை சொல்லத் தொடங்கிவிட்டனர். முதலில் 2013 அக்டோபரில் வரும் எனப்பட்ட விளையாட்டு 2014 செப்டம்பரில்தான் முழுமை பெற்றது. தாமதத்தைப் பொறுத்தவர்கள் பலர். தாம் கேட்டது வந்ததா என்பதில்தான் அவர்கள் விடாப்பிடியாக இருந்தனர்.

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் வாசகரின் 'எதிர்பார்ப்பு எல்லை' பற்றிக் கூறியது இவ்விடத்தில் நன்கு பொருந்துகின்றது. சண்டை அமைப்பைப் பற்றிய கருத்துகள் இதற்குச் சான்று. 1997ஆம் ஆண்டின் விளையாட்டை மனத்திற்கொண்டு வந்தவர்கள், முழு அணியையும் தாமே இயக்க முடிவதைப் பெரும் முன்னேற்றமாகக் கண்டனர். 'ஃபால்அவுட்' விளையாட்டில் துணைவர்கள் தம் போக்கில் சுடுவர். தலைவன் முதுகிலேயே குண்டு பாய்ச்சிய துணைவர் கதைகளை இன்றும் ஆடியோர் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வர். மாறாக, 2012ஆம் ஆண்டு வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' என்பதை ஆடிப் பழகியவர்களுக்கு இச்சண்டை எளிமையாகத் தோன்றிற்று. பகைவர் பலர் நேரே ஓடி வருகின்றனர், மறைவிடங்கள் போதிய பயன் தரவில்லை, தானியங்கித் துப்பாக்கி வகை ஒன்றே மற்றவற்றை விஞ்சிவிடுகின்றது என்பன அவர்தம் குறைகள். இருசாராரும் ஆடியது ஒரே விளையாட்டைத்தான். அவர்கள் முரண்படுவது கொண்டுவந்த அளவுகோலால். கவர்ச்சி என்னும் பண்பிற்குப் புள்ளி ஒதுக்குவது வீண் என்பதில் மட்டும் பெரும்பாலோர் ஒன்றுபட்டனர்.

இதனினும் ஆழமான கருத்து வேறுபாடு திறன்களைப் பற்றியது. பூட்டுத் திறத்தல், பெட்டகம் உடைத்தல், கணினி இயக்கல், விலங்கை வசப்படுத்தல் எனத் திறன்கள் பல இவ்விளையாட்டில் உள. ரொட்டி வாட்டும் கருவியைப் பழுதுபார்ப்பதும் ஒரு திறனே. நகைச்சுவைக்காகச் சேர்த்தது போலத் தோன்றினும் அக்கருவிகளுள் அரும்பொருள்கள் கிடைப்பதால் அதனைப் புறக்கணித்தவர்கள் பின்னர் வருந்தினர். ஒரு செயலில் வெற்றி பெறும் வாய்ப்பு விழுக்காடாகத் திரையில் தோன்றும். மறைந்திருந்து பகடை உருட்டுகின்றது கணினி. பெருந்தோல்வி நேர்ந்தால் பூட்டு அடைத்துக்கொள்ளும்.

இதன் விளைவு யாது? ஆடுபவர் பூட்டைத் தொடுமுன் நிலையைச் சேமித்துக்கொள்கிறார். தோற்றால் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் முயல்கிறார். இதனைச் சிலர் ஏமாற்று என்றனர். வேறு சிலர், கதவொன்றைத் திறக்க மும்முறை அமர்ந்து காத்திருக்கச் செய்வது ஆக்கியோரின் பிழையேயன்றி ஆடுபவரின் குற்றமன்று என்று வாதிட்டனர். நாம் இரண்டாம் கட்சியின் பக்கமே சாய்கிறோம். தோல்வி புதியதொரு வழியைத் திறந்துவிடாமல் வெறுங்கதவாக நின்றுவிடுமாயின், அதனைத் தாங்கிக்கொள்ளும்படி எவரையும் கேட்க இயலாது. 1988ஆம் ஆண்டின் விளையாட்டில் நிகழ்ந்த மாற்றங்கள் ஆடும் வட்டிலேயே பதிந்துவிடும். திரும்பிச் செல்வது எளிதன்று. பழையதன் உணர்வைக் கேட்ட புரவலர்கள் அந்த ஒரு கடுமையைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சேமித்தலின் துணையாலும் தீராத இக்கட்டு ஒன்று இவ்விளையாட்டின் தொடக்கத்திலேயே உள்ளது. உதவி கோரி இரு குரல்கள் ஒரே நேரத்தில் வானொலியில் ஒலிக்கின்றன. ஒன்று ஹைபூல் என்னும் ஊர். வட்டாரத்திற்கு நீர் தருவது. கொள்ளையர் அதனைத் தாக்குகின்றனர். மற்றது வேளாண் ஆய்வு மையம், உணவு தருவது. அங்குக் கட்டுமீறி வளர்ந்த செடிகள் மனிதரைக் கொல்கின்றன. ஒன்றைக் காக்கச் சென்றால் மற்றது அழியும். அழிவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதில் விழும். காப்பாற்றும் பணியில் ஈடுபட்டிருக்கும்போதே, கைவிடப்பட்டோரின் மன்றாட்டும் பழிச்சொல்லும் வானொலியில் வந்துகொண்டேயிருக்கும்.

ஆடியோர் மிகுதியாகப் பேசிய பகுதி இதுவே எனலாம். மூன்றாவது வழி இல்லாமையே இதன் சிறப்பு என்பது ஒரு கருத்து. தலைமையகத்தில் வேறு காவலர் இலரா, இஃது ஆக்கியோர் வலிந்து புனைந்த இக்கட்டன்றோ என வினவியோரும் உண்டு. இன்னொரு சாரார், தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இரு ஊர்களைப் பற்றியும் தமக்கு ஒன்றுமே தெரியாது, அறியாமையில் எடுத்த முடிவுக்குத் தம்மைப் பழிப்பது முறையன்று என்றனர். இம்மூன்றாம் கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அறியாது செய்த செயலுக்குப் பொறுப்பேற்பது பற்றிச் சிலப்பதிகார வகுப்பில் பாண்டியனை முன்வைத்து நாம் நடத்தும் விவாதமும் ஏறக்குறைய இதுவே. பழைய நிலைக்குத் திரும்பி மற்ற ஊரைக் காத்துப் பார்த்தவர்களும் உளர். அவர்கள் கேட்டது மற்றோர் ஊரின் சாவொலியை. இரண்டு ஆட்டத்தையும் ஆடி முடித்தவர்கள், எது சரி என்பதைக் காட்டிலும் எக்குரலைக் கேட்பது தமக்குக் கடினமாயிருந்தது என்பதையே விரித்துரைத்தனர்.

இக்கருத்துகள் காற்றோடு போய்விடவில்லை. 2015ஆம் ஆண்டு வெளிவந்த திருத்தப் பதிப்பில், பகைவரின் உடலுறுப்பைக் குறிவைத்துத் தாக்கும் வசதியும் பாத்திரங்களுக்குத் தனித்த இயல்புகளும் சேர்க்கப்பட்டன, பேச்சுக்குரலும் கூட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 'வேஸ்ட்லேண்ட் 3' கொலராடோவின் பனிநிலத்திற்குக் களத்தை மாற்றியதோடு, மேற்கூறிய விழுக்காட்டு முறையையும் திறன்களின் பொருட்டு நீக்கிவிட்டது. பூட்டுக்கு இத்தனை அளவு திறன் வேண்டும். இருந்தால் திறக்கும், இல்லையேல் திறக்காது. சண்டையிலும் தனித்தனி முறை போய், ஓரணி முழுவதும் ஆடிய பின் மற்ற அணி ஆடும் ஒழுங்கு வந்தது. பகடையை வெறுத்தவர்கள் மகிழ்ந்தனர். ஆயினும் புதுக்குறைகள் எழாமலில்லை. முதலில் ஆடும் அணி பகைவரில் பாதியை முதற்சுற்றிலேயே வீழ்த்திவிடுகின்றது என்பது ஒன்று. பூட்டின் முன் நிற்கும்போது நெஞ்சு படபடக்கவில்லை என்பது மற்றொன்று. பிந்தியதைச் சொன்னவர்களுள், முந்தைய விளையாட்டில் மும்முறை சேமித்துத் திறந்தவர்களும் இருந்திருப்பர் என்றே நாம் ஐயுறுகிறோம்.